மகளுக்கு: பழைய என்கோர் வாங்குமுன்

அன்பு மகளே,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். தாம்ப்சன் சென்டர் நிறுவனத்தின் என்கோரையே, குழலை மாற்றி மாட்டக்கூடிய அந்த ஒற்றைத் தோட்டா மடக்குத் துப்பாக்கியையே, வாங்குவது என்று நீ முடிவெடுத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால், குழல்களையும் சேர்த்துத் தருவதாக அந்த விற்பனையாளர் சொல்லும் விலை, உன் கவனத்தை விசை அமைந்த நடு உடலான ஃபிரேமிலிருந்து திருப்பிவிடக் கூடாது. குழலைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். தனிப் பட்டறைகள் இன்றும் நல்ல குழல்களைக் கடைந்து தருகின்றன. தேய்ந்துபோன ஃபிரேமுக்குத்தான் மாற்று கிடைப்பது கடினம்.

என்கோருக்கு முன்னோடி, அதே நிறுவனத்துக்காக வாரன் சென்டர் வடிவமைத்த கன்டெண்டர். அது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ராச்செஸ்டரிலிருந்து 1967-இல் கைத்துப்பாக்கியாக வெளிவந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் வந்த என்கோர் அதைவிடப் பெரியது, 308, 30-06 போன்ற அழுத்தம் மிகுந்த தோட்டாக்களைத் தாங்கக்கூடியது. 2007-இல் ஸ்மித் அண்ட் வெசன் என்ற துப்பாக்கி நிறுவனம் தாம்ப்சன் சென்டரை வாங்கியது. 2021-இல் அந்தத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. இரண்டு துப்பாக்கிகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் விளம்பரங்களில் குழல்களைக் கலந்து எழுதிவிடுகிறார்கள். கன்டெண்டர் குழல் என்கோரில் பொருந்தாது என்பதை மனத்தில் வைத்துக்கொள்.

மலிவாகக் கிடைக்கும் இன்னொரு ஒற்றைத் தோட்டா மடக்குத் துப்பாக்கியான ஹேண்டி ரைஃபிளைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது உறுதியான துப்பாக்கிதான். ஆனால் அதற்கு வேறு குழல் வேண்டுமென்றால் ஃபிரேமைத் தொழிற்சாலைக்கே அனுப்பி, அங்கே இழைத்துப் பொருத்தி வாங்க வேண்டியிருந்தது. 2015-இல் உற்பத்தி நின்றதோடு அந்த வழியும் அடைபட்டது. என்கோரில் குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையின் திருகுகளைக் கழற்றி, கீல் ஆணியைத் தள்ளி எடுத்தால், ஒரு குழலை எடுத்து இன்னொன்றை நீயே மாட்டிவிடலாம். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் ஃபிரேமின் மேல் அல்லாமல் குழலின் மேல் அமர்வதால், ஒவ்வொரு குழலும் தன் ஸ்கோப்போடும் தன் குறியோடும் இருக்கும். இந்தத் துப்பாக்கியின் பெருமை முழுவதும் எனக்கு இதில்தான் இருக்கிறது. ஆகவே ஒரே ஸ்கோப்பைக் குழலுக்குக் குழல் மாற்றிப் பணத்தை மிச்சப்படுத்த நினைக்காதே.

நேரில் பார்க்கும்போது முதலில் துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொள். விசைக்காப்பின் கீழுள்ள கொக்கியைப் பின்னோக்கி இழுத்துத் திறந்து, மூடி, மீண்டும் திறந்து பார். ஒவ்வொரு முறையும் ஒரே விதமான அழுத்தமான ஒலியோடு பூட்டிக்கொள்ள வேண்டும். மூடிய நிலையில் குழலைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, கீலில் ஆட்டம் தெரிகிறதா என்று கவனி. குழலின் பின்முகத்துக்கும் ஃபிரேமின் முகத்துக்கும் இடையேயுள்ள இடைவெளியை, மெல்லிய தகடுகளைச் செருகி அளக்கும் ஃபீலர் கேஜால் எல்லாக் குழல்களிலும் அளந்துகொள். அந்த இடைவெளி மிகுந்தால், வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே மெலியும். அதே கூட்டை மறுபடி மறுபடி நிரப்பிச் சுட்டால் ஒரு நாள் அங்கே கிழிந்துவிடும். வெளித்தோற்றத்தைக் கண்டு மயங்காமல் கேஜ் காட்டும் எண்ணைப் பார்த்து முடிவெடு. சந்தேகம் எழுந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு துப்பாக்கிப் பட்டறையில் காட்டிவிடு.

சட்டத்தில் ஒரு செய்தியை நீ நன்றாக அறிந்திருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி ஃபிரேம்தான் துப்பாக்கி. வேறு மாநிலத்திலிருந்து வரும் ஃபிரேம், உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே உன் கைக்கு வர வேண்டும். தோள்கட்டை மாட்டியிருக்கையில் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அது பதிவுசெய்ய வேண்டிய ஆயுதமாகிவிடும். கன்டெண்டர் கைத்துப்பாக்கியோடு தோள்கட்டையும் 21 அங்குலக் குழலும் சேர்த்து விற்றதைப் பற்றிய வழக்கு 1992-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று, நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. ஆயினும், முதலில் ரைஃபிளாகக் கோக்கப்பட்ட ஃபிரேமைப் பின்னர் கைத்துப்பாக்கியாக மாற்ற முடியாது. பழைய ஃபிரேம் எப்படிப் பிறந்தது என்பது நமக்குத் தெரியாது. எனவே அதை எப்போதும் ரைஃபிளாகவே வைத்துக்கொள், கைத்துப்பாக்கிக் குழல்களை வாங்கவே வேண்டாம்.

ஒஹையோவில் மான் வேட்டைக்கு 2014 முதல் நேர்ச்சுவர்த் தோட்டாக்களை, அதாவது கூடு கழுத்தில் குறுகாத தோட்டாக்களை, அனுமதித்திருப்பதால் உன் தேர்வு எளிதாகிறது. 357 முதல் 50 காலிபர் வரை, அதாவது 0.357 முதல் 0.50 அங்குல விட்டம் வரை, செல்லும். விற்பனையாளர் தரும் 308 குழல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதன் தோட்டா கழுத்தில் குறுகுவதால், அங்கே மானுக்கு உதவாது, அதற்குத் தனியாகப் பணம் தராதே. 45-70 குழல் பொருத்தமானது. அதன் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு இருப்பதால், இத்தகைய மடக்குத் துப்பாக்கியில் நன்றாக அமர்ந்து, எளிதாக வெளிவரும். ஆனால் எடை குறைந்த என்கோரில் அதன் உதை கடுமையானது. உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடும் பழக்கம் ஒரு முறை வந்துவிட்டால் அதைப் போக்கப் பல மாதங்கள் ஆகும். அதனால் முதல் ஆண்டில் மென்மையான தோட்டாக்களோடு தொடங்கு, அல்லது உதை குறைந்த நேர்ச்சுவர்த் தோட்டாவான 350 லெஜண்டுக்கு ஒரு குழலைப் பட்டறையில் செய்யச் சொல்.

குழலின் வாய் வழியே வெடிமருந்தும் குண்டும் இடும் துப்பாக்கிகளுக்கான ஜனவரி மாதத்து வேட்டைப் பருவத்துக்கு, 209 பிரைமர் என்னும் பற்றவைப்பு மூடி கொண்ட 50 காலிபர் குழல் உன்னிடம் இருப்பது நல்லது. வாங்குமுன் உட்புறத்தை விளக்கொளியில் பார். கருமருந்தின் எச்சம் இரும்பை அரிக்கும், பள்ளம் விழுந்த குழல் வேண்டாம். குழலின் பின்முனையை மூடும் பின்னடைப்பு, அதற்குரிய சாவியால் திருகினால் எளிதாகக் கழறுகிறதா என்று கேள். கழறாவிட்டால், முந்தைய உரிமையாளர் அதைச் சுத்தம் செய்யாமலே வைத்திருந்திருக்கலாம்.

தோள்கட்டையின் அழகில் பணத்தைக் கொட்டுவதற்கு முன், அதன் நீளத்தை உன் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள். உன் தோளுக்குத் தொழிற்சாலைக் கட்டை நீளம். குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு அளந்து, வெட்டி, உதையைத் தணிக்கும் நல்ல ரப்பர் மெத்தையை அதன் முனையில் பொருத்தச் சொல். கட்டை நீளமாக இருந்தால் ஸ்கோப்பில் பார்க்கத் தலையை முன்னே நீட்ட வேண்டிவரும். முன்கட்டையின் திருகுகளை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இறுக்கு. அந்த அழுத்தம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும்.

அளவெடுத்த எண்களையும் ஃபிரேமின் கீல் பகுதியின் படத்தையும் எனக்கு அனுப்பு. அதன் பிறகு விலையைப் பேசலாம்.

அன்புடன்,
அப்பா