மல்லிகாவுக்கு ஒரு அவசரக் கடிதம்

அன்புள்ள மல்லிகா,

ரொம்ப நாளாக எழுதவில்லை, திட்டுவதென்றால் திட்டிக்கொள். வீடு மாற்றினோம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இப்போது எழுத வைத்தவள் செண்பகா. தைலம் தடவி உனக்கு வலி குறைந்ததைச் சொல்லச் சொல்லி, மூட்டுவலித் தைலக்காரர்கள் உன்னை விளம்பரத்துக்கு வீடியோ எடுக்கப் போகிறார்களாம், நீயும் பட்டுப்புடவையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டாயாம். ஹாஸ்டல் நாடகத்தில் மந்திரியின் மீசை விழுந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை, போனில் அப்படிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மெடிக்கலைத் தம்பியிடம் விட்டபிறகு பழைய மருந்துகளின் கதைகளைப் படிப்பதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். அதில் என் மனதை விட்டுப் போகாத ஒருவர் லிடியா பிங்க்கம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லின் என்ற ஊர்க்காரர். அடிமை முறையை எதிர்த்த குடும்பத்தில் 1819இல் பிறந்தவர். மாதவிலக்குக் கோளாறு, கர்ப்பப்பை வலி என்று வந்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வேர்களைக் காய்ச்சிச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்த அம்மா. 1873இல் பொருளாதாரம் சரிந்தபோது கணவர் நொடித்துப்போனார். 1875 முதல் அதே கஷாயம் பாட்டிலில் அடைத்து விலைக்கு வந்தது, பாட்டில் ஒரு டாலர். மகன்கள் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுத்தார்கள். 1879இல் அந்த அம்மாவின் படத்தையே லேபிளிலும் விளம்பரத்திலும் போட்டார்கள். எந்தப் பெண்ணும் பார்த்ததும் மனதிலிருப்பதைச் சொல்லிவிடக்கூடிய முகம். வியாபாரம் எங்கேயோ போய்விட்டது.

அதில் போட்ட சரக்குகளில் ஒன்று நம் வெந்தயம். மற்றவை அந்த ஊர் வேர்கள். கூடவே கிட்டத்தட்ட 18 சதவீதம் சாராயம், மருந்து கெடாமலிருக்க என்பது அவர்கள் சொன்ன காரணம். அவ்வளவு சாராயம் உள்ளே போனால் உடம்பு கொஞ்ச நேரம் இதமாகத்தானே இருக்கும்?

அந்த அம்மாவை ஏமாற்றுக்காரி என்று என்னால் சொல்ல முடியவில்லை, மல்லிகா. அன்றைய டாக்டர்களிடம் போனால் என்ன நடந்தது என்று பார். 1872இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் பேட்டி என்ற டாக்டர், வலியும் மனக்கலக்கமும் தீரும் என்று பெண்களின் நல்ல சினைப்பைகளையே வெட்டி எடுக்க ஆரம்பித்தார். அந்த ஆபரேஷன் பரவவும் செய்தது. அந்தக் கத்திக்குப் பயந்த பெண் இந்த பாட்டிலை வாங்கியதில் என்ன தப்பு? லின்னுக்குக் கடிதம் எழுதினால் பதில் வந்தது. உடம்பைப் பற்றிக் கூச்சமில்லாமல் விளக்கும் புத்தகம் கிடைத்தது. குணமான பெண்கள் நன்றியோடு எழுதிய கடிதங்கள் விளம்பரமாயின. எல்லாமே பொய்க் கடிதங்கள் என்று நான் நினைக்கவில்லை. உன்னைப் போல மனசார எழுதியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். என்னை உறுத்துவதே அதுதான்.

1881இல் அந்த அம்மாவின் இரண்டு மகன்கள் அடுத்தடுத்துக் காசநோயில் போனார்கள். 1883இல் அவரும் போனார். ஆனால் முகம் விளம்பரத்திலிருந்து இறங்கவில்லை. "மிஸஸ் பிங்க்கமுக்கு எழுதுங்கள்" என்று பத்திரிகைகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. ஆண் யாரும் உங்கள் கடிதத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று வாக்குறுதி வேறு. கடைசியில் 1905இல், லேடீஸ் ஹோம் ஜர்னல் என்ற பெண்கள் பத்திரிகையின் ஆசிரியர் எட்வர்ட் போக், மிஸஸ் பிங்க்கம் இன்றும் லின்னில் உழைப்பதாகச் சொன்ன விளம்பரத்தையும் அவருடைய கல்லறையின் போட்டோவையும் சேர்த்தே அச்சடித்துவிட்டார். பதில் எழுதுவது அவர் மருமகள், அவரும் மிஸஸ் பிங்க்கம்தானே என்றது கம்பெனி. இருபது வருஷத்துக்கு மேலாக, இறந்துபோன ஒருவரை நம்பிப் பெண்கள் தங்கள் அந்தரங்கத்தை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது.

படித்தவர், பெரியவர் என்று யாரும் மிச்சமில்லை. கோக்கா இலை, அதாவது கோகெய்ன் எடுக்கிற இலை, ஊறிய மரியானி ஒயினுக்குப் போப் பதின்மூன்றாம் லியோ தங்கப் பதக்கம் கொடுத்தார், அவர் படமே விளம்பரத்தில் வந்தது. பெருனா என்ற மருந்துக்கு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் நற்சான்று எழுதினார்கள், அதில் 28 சதவீதம் சாராயம். 1905இல் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற பத்திரிகையாளர் காலியர்ஸ் இதழில் இதையெல்லாம் வரிசையாக அம்பலப்படுத்தினார். நோயாளிகள் மருந்துக் கம்பெனிகளுக்கு எழுதிய கடிதங்களை ஆயிரக்கணக்கில் கட்டுக்கட்டாக விற்கத் தரகர்களே இருந்தார்களாம். அடுத்த வருஷமே சட்டம் வந்தது, பாட்டிலில் எவ்வளவு சாராயம் என்று லேபிளில் போட வேண்டியதாயிற்று.

உன் வலி குறைந்தது நிஜம். அதை நான் சந்தேகப்படவே இல்லை. ஆனால் தைலம் தடவியும் குறையாதவளை யாராவது வீடியோ எடுப்பார்களா? மூட்டுவலி தானாகவே ஏறும், இறங்கும். இறங்கின சமயத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் புகழ் போய்விடும். மெடிக்கலில் நான் இருந்தபோது ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ பொடி சாப்பிட்டு, கால் புண்ணோடு வந்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "டிவியில ஒரு டீச்சரம்மா சொன்னாங்களே" என்றார். அந்த டீச்சரம்மா தனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொல்லியிருப்பார். உன்னிடம் படித்த பிள்ளைகள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், நீ சொன்னால் கேட்பார்கள். அந்த நம்பிக்கையை முகம் தெரியாத ஒரு கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்காதே, தாயே.

உனக்கு ஒத்துக்கொண்டால் தைலத்தைத் தடவிக்கொள். எதிர்வீட்டு அக்கா கேட்டால் சொல்லு, அவர்களுக்குச் சரிவராவிட்டால் மறுநாளே உன்னிடம் வந்து சொல்வார்கள், நீயும் பதில் சொல்வாய். வீடியோவைப் பார்த்து வாங்குகிறவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

இன்னும் ஆசை விடவில்லை என்றால், எத்தனை வருஷம் அதைப் போடுவார்கள், நீ நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்களா, நீ சொல்லாத வார்த்தையை உன் படத்துக்குக் கீழே போட மாட்டார்களா, மூன்றையும் எழுத்தில் வாங்கு. எழுதித் தர மறுத்தால் போகாதே. காகிதம் ஏதாவது கொடுத்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. அண்ணனை விசாரித்ததாகச் சொல்லு. எலும்பு டாக்டரிடம் எக்ஸ்ரே எடுத்தாயா இல்லையா என்பதையும் மறைக்காமல் எழுது.

உன்,
ராஜி