இரத்தம் கேட்கிற தேவனா? மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். உன்னையும் மருமகனையும் தினமும் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம். "மன்னிப்பதற்கு முன்னால் இரத்தம் சிந்தப்பட வேண்டும் என்கிறவரை அன்பானவர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று உன்னோடு வேலை செய்கிற பெண் கேட்டதாக எழுதியிருந்தாய். பதில் சொல்லத் தெரியாமல் போனதைவிட, அந்தக் கேள்வி வெகுநாளாக உனக்குள்ளும் இருந்ததுதான் உன்னைக் கலங்க வைத்தது என்றும் எழுதியிருந்தாய். போனில் அவசரமாகப் பேசி முடிக்கிற காரியம் இதுவல்ல என்பதால், வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், இப்படிக் கேட்பதை விசுவாசக் குறைவு என்று எண்ணாதே. நான்காம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்திநோப்பிளில் சிலகாலம் பேராயராக இருந்த நாசியான்சு கிரகோரியார், உயிர்த்தெழுதல் திருநாளுக்கான தம்முடைய பிரசங்கம் ஒன்றில் இதையே கேட்டிருக்கிறார். கிறிஸ்து சிலுவையில் சிந்திய அந்த இரத்தம் யாருக்குச் செலுத்தப்பட்டது? பிசாசுக்கு என்றால், கொள்ளையடித்தவனுக்கே தேவனை விலையாகக் கொடுத்த வெட்கக்கேடாகிவிடும். பிதாவுக்கு என்றால், ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட வந்தபோது அதை ஏற்காமல் ஆட்டுக்கடாவைக் காட்டியவர், தம்முடைய ஒரேபேறான குமாரனின் இரத்தத்தில் எப்படிப் பிரியப்படுவார்? பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாரிசில் போதித்த பேதுரு அபெலார்டும் ரோமர் நிருபத்துக்கு எழுதிய விளக்கத்தில், குற்றமில்லாத ஒருவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது எவ்வளவு கொடூரமாகத் தோன்றுகிறது என்று ஒளிக்காமல் எழுதினார். நாம் ஆராதனையில் சொல்லும் நிசேயா விசுவாசப்பிரமாணமும் நமக்காகவும் நமது இரட்சிப்புக்காகவும் அவர் இறங்கிவந்தார், நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. அது எப்படி நமக்கு இரட்சிப்பாகிறது என்பதை அது விளக்கவில்லை. ஆகையால், நமக்கு வரவேண்டிய தண்டனையை இயேசு வாங்கிக்கொண்டார் என்று நம் ஊர்ப் பிரசங்க பீடத்தில் கேட்கிற ஒரே விளக்கத்தைத்தான் சபை முழுவதும் எக்காலத்திலும் நம்பியது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் தொடங்கச் சொல்வது லேவியராகமம் 17ஆம் அதிகாரத்தில். இரத்தத்தைப் புசிக்கக்கூடாது என்கிற கட்டளை அங்கே வருகிறது. மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது, உயிர் கர்த்தருடையது, ஆகவே மனிதன் அதைத் தொட்டு ருசிபார்க்கக்கூடாது. அதே மூச்சில், பலிபீடத்தின்மேல் பாவநிவிர்த்தி செய்யும்படி அதை உங்களுக்கு நானே ஏற்படுத்தினேன் என்று கர்த்தர் சொல்கிறார். யார் யாருக்குக் கொடுக்கிறார் என்று கவனித்துப் பார். சுற்றியிருந்த மற்ற இனத்தார் தங்கள் தெய்வங்களுக்கு ஆகாரம் படைத்துக் கோபத்தைத் தணிக்கப் பார்த்தார்கள். இங்கேயோ, தமக்கு மட்டுமே உரியதைக் கர்த்தர் ஜனங்களுடைய தேவைக்காக அவர்கள் கையில் கொடுக்கிறார். "நான் எருதுகளின் மாம்சம் புசித்து, ஆட்டுக்கடாக்களின் இரத்தம் குடிப்பேனோ?" என்று 50ஆம் சங்கீதத்தில் அவர் கேட்பதைப் படித்தால், இரத்தத்துக்குப் பசித்திருக்கிற ஒருவராக அவரைக் கற்பனை செய்வதற்கு வேதத்திலேயே இடமில்லை என்பது தெரியும்.

பலி எப்படி நடந்தது என்பதையும் கொஞ்சம் நிதானமாகப் பார். சாதாரண ஜனத்தில் ஒருவன் அறியாமல் பாவம் செய்து, பின்பு அதை உணர்ந்தால், பழுதற்ற ஒரு பெண்வெள்ளாட்டுக்குட்டியைக் கொண்டுவருகிறான். அதன் தலையின்மேல் தன் கையை வைக்கிறான். அதைக் கொல்லுகிறவனும் அவனேதான். ஆசாரியன் அதற்குப் பிறகே முன்வருகிறான். இரத்தத்தில் கொஞ்சத்தை விரலால் எடுத்துத் தகனபலிபீடத்தின் கொம்புகளில் பூசி, மீதியைப் பீடத்தின் அடியில் ஊற்றிவிடுகிறான். "அவனுக்கு மன்னிக்கப்படும்" என்று அந்தப் பகுதி முடிகிறது. ஆட்டைத் துன்புறுத்துவதோ, அடிப்பதோ, அது வேதனைப்படுவதைக் கண்டு தேவன் திருப்தியடைவதோ அதில் எங்கும் கிடையாது. இன்னும் ஒன்று: 16ஆம் அதிகாரத்தில், ஏழாம் மாதம் பத்தாம் தேதி பாவநிவிர்த்தி நாளில், பிரதான ஆசாரியன் இரண்டு கைகளையும் தலையில் வைத்து இஸ்ரவேல் புத்திரருடைய அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டுச் சுமத்துகிற வெள்ளாட்டுக்கடா கொல்லப்படுவதில்லை, அது உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. கொல்லப்படுகிற மற்றக் கடாவின் இரத்தம், ஜனங்களின் தீட்டுகள் நீங்கும்படி பரிசுத்த ஸ்தலத்துக்குள் கொண்டுபோகப்பட்டு, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேலும் அதற்கு முன்னும் தெளிக்கப்படுகிறது. ஒன்று சுத்திகரிக்கிறது, மற்றது சுமந்துகொண்டு அகன்றுபோகிறது. "ஆட்டைத் தண்டித்தார், அதனால் நம்மை விட்டுவிட்டார்" என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற கணக்கு இந்த இரண்டு ஆடுகளில் எதற்குமே முழுதாகப் பொருந்துவதில்லை.

"இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது" என்று எபிரெயர் 9:22 சொல்கிறதே என்பாய். சொல்கிறது, ஆனால் அந்த வசனத்தின் முன்பாதியைப் பிரசங்கிகள் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள். "நியாயப்பிரமாணத்தின்படி கொஞ்சங்குறைய எல்லாம்" இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும் என்றுதான் அது தொடங்குகிறது. நிருபத்தை எழுதியவர் ஏன் "எல்லாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை? லேவியராகமம் 5ஆம் அதிகாரம் அவருக்குத் தெரியும். ஆட்டுக்கு வகையில்லாத ஏழை இரண்டு காட்டுப்புறாக்களையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது கொண்டுவரலாம். அதற்கும் வகையில்லாதவன் ஒரு எப்பா அளவான மெல்லிய மாவிலே பத்தில் ஒரு பங்கை, இன்றைய அளவில் சுமார் 2 லிட்டர் மாவை, எண்ணெயும் தூபவர்க்கமும் இல்லாமல் கொண்டுவந்தால் போதும். அந்த மாவில் ஒரு சொட்டு இரத்தம் கிடையாது. ஆனாலும் அவனுக்கும் அதே "மன்னிக்கப்படும்" என்ற வார்த்தைதான். கையில் ஒன்றுமில்லாதவன் மன்னிப்பு இல்லாமல் வீடு திரும்பக்கூடாது என்பதற்காகத் தம்முடைய சொந்த முறைமையிலேயே விலக்கு வைத்திருக்கிறவரை, இரத்தத்தைக் கண்டால்தான் மனமிரங்குகிறவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அப்படியானால் இரத்தமே தேவையில்லையே, சும்மா மன்னித்துவிட்டுப் போகலாமே என்று உன் தோழி கேட்கக்கூடும். இங்கே நான் அவளோடு ஒத்துப்போக மாட்டேன். மத்தேயு 18இல் ஆண்டவர் சொன்ன உவமையில், பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனை ராஜா மனதிரங்கி விடுதலை செய்கிறார். அந்தத் தாலந்துகள் எங்கேயும் ஆவியாகிவிடவில்லை. அந்த நஷ்டம் ராஜாவின் பொக்கிஷத்தில் விழுந்தது. செய்யப்பட்ட அநியாயத்தை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுவது மன்னிப்பல்ல, அது பாதிக்கப்பட்டவனுக்குச் செய்கிற இரண்டாம் அநியாயம். ஆபேல் கொல்லப்பட்டபோது அவனுடைய இரத்தம் பூமியிலிருந்து கூப்பிட்டது என்று ஆதியாகமம் சொல்கிறது. அந்தக் கூக்குரலைக் கேட்டும் கேளாதவர்போல இருக்கிற தேவனை நீயும் நானும் ஆராதிக்க முடியுமா? பாவத்தைப் பாவம் என்றே சொல்லவேண்டும், பாவியையும் இழந்துவிடக் கூடாது என்றால், அந்தச் செலவை யாராவது ஏற்கத்தான் வேண்டும். தேவன் அதைத் தாமே ஏற்றார் என்பதுதான் சுவிசேஷம்.

"தாமே" என்ற இடத்தில்தான் நம் பிரசங்கங்கள் வழுக்குகின்றன. கோபத்தோடு ஓங்கிய கையோடு நிற்கிற பிதா ஒருபக்கம், நடுவே பாய்ந்து அடியை வாங்கிக்கொள்கிற குமாரன் மறுபக்கம் என்று இரண்டு மனம் கொண்டவர்களாகக் காட்டிவிடுகிறார்கள். பவுல் அப்படி எழுதவில்லை. தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்றே கொரிந்தியருக்கு எழுதுகிறார். ஒப்புரவாக்குகிறவர் பிதாவே, அவரை யாரும் சமாதானப்படுத்த வேண்டியிருக்கவில்லை. யோவான் 10இல் ஆண்டவரும், தம்முடைய ஜீவனை ஒருவனும் தம்மிடத்திலிருந்து எடுத்துக்கொள்வதில்லை, தாமே அதைக் கொடுப்பதாகச் சொல்கிறார். எடுத்துச் சிந்தினவர்கள் மனிதர்கள்: பிலாத்து, அவனுடைய சேவகர், கூச்சலிட்ட கூட்டம். கொடுத்தவர் தேவன்.

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிநேர ஆராதனையில் வாரடிகளை ஒவ்வொன்றாக வர்ணித்து, ஆணி எந்த நரம்பில் இறங்கியது என்று விவரித்துச் சபையை அழவைக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். மத்தேயு அந்த வாரடியை "இயேசுவையோ வாரினால் அடிப்பித்து" என்று ஒரே தொடரில் கடந்துபோகிறார். எவ்வளவு இரத்தம் சிந்தியது என்று நான்கு சுவிசேஷகரில் ஒருவரும் எழுதவில்லை. அவர்கள் அக்கறையோடு எழுதியது வேறு காரியங்கள். யோவானின் கணக்குப்படி பஸ்காவுக்கு ஆயத்தநாளில், ஆட்டுக்குட்டிகள் அடிக்கப்படுகிற நாளில், அவர் சிலுவையில் இருக்கிறார். காடி தோய்த்த கடற்காளானை ஈசோப்பு என்ற செடியின் தண்டில் மாட்டிக் கொடுக்கிறார்கள். அவருடைய எலும்பு ஒன்றும் முறிக்கப்படவில்லை. எகிப்தில் முதல் பஸ்கா இரவில் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை நிலைக்கால்களில் தெளித்ததும் ஈசோப்புக் கொழுந்துகளினால்தான். ஆட்டுக்குட்டியின் எலும்பு முறிக்கப்படக்கூடாது என்ற கட்டளையும் அங்கேதான் இருக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து ஜனங்கள் வெளியேறிய இரவை யோவான் நமக்கு முன் நிறுத்துகிறார். வேதத்தில் "கிறிஸ்துவின் இரத்தம்" என்று வருகிற இடத்திலெல்லாம் மனமுவந்து கொடுக்கப்பட்ட அவருடைய ஜீவன் என்று வைத்து வாசித்துப் பார். வேதனையின் அளவு என்று வைத்து வாசித்தால் பாதி வசனங்கள் இடறும்.

இனி நான் உனக்குச் சொல்ல விரும்புகிற முக்கியமான காரியம். இரத்தத்தைத் தொடாதே, அதில் உயிர் இருக்கிறது, உயிர் என்னுடையது என்று லேவியராகமத்தில் கேட்டு வளர்ந்த பன்னிரண்டு யூதர்கள் ஒரு பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்டவர் அவர்களிடத்தில் பாத்திரத்தைக் கொடுத்து, "நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள், இது புது உடன்படிக்கைக்குரிய என்னுடைய இரத்தம்" என்கிறார். அந்தப் பந்தியில் எத்தனை பேருக்கு உடல் கூசியிருக்கும்! பலிபீடத்தின் அடியில் ஊற்றப்பட்டு யாருக்கும் கிடைக்காமல் போனது, இங்கே உதடுகளுக்கு நீட்டப்படுகிறது. தேவனுக்கு மட்டுமே உரிய உயிரை மனிதனுக்குள் ஊற்றுகிறார். நாம் நரகத்துக்குத் தப்புகிற ஏற்பாட்டை மட்டும் இரட்சிப்பு என்று பேசிப் பழகிவிட்டோம். அந்தப் பாத்திரத்தில் அவருடைய ஜீவனே நம்முடைய ஜீவனாகிறது. திருவிருந்தில் முழங்காற்படியிட்டு, போதகர் ஐயர் பாத்திரத்தை நம் வாயருகே சாய்க்கும்போது, கொடுக்கிறது எந்தப் பக்கம், வாங்குகிறது எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வர நியாயமில்லை.

இங்கே வேன்களிலும் ஆட்டோக்களிலும் "இயேசுவின் இரத்தம் ஜெயம்" என்று ஒட்டியிருப்பதை நீயும் பார்த்து வளர்ந்தவள். ஒட்டுகிறவர்களின் விசுவாசத்தை நான் கேலி செய்யவில்லை. பயணத்துக்கு முன் அந்த வார்த்தையைச் சொல்லி ஜெபிக்கிற பழக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அதைத் திருஷ்டிக் கயிறுபோலக் கட்டிவைத்துக்கொண்டு, அந்த இரத்தம் எதைச் செய்ய வந்ததோ அதை மட்டும் விட்டுவிடுகிறோம். தூரமாயிருந்தவர்கள் கிறிஸ்துவின் இரத்தத்தினாலே சமீபமானார்கள், பிரிவினையாக நின்ற நடுச்சுவர் தகர்க்கப்பட்டது என்று எபேசியர் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. எருசலேம் தேவாலயத்தில் உண்மையாகவே அப்படி ஒரு தடுப்பு இருந்தது. அதைத் தாண்டி வருகிற யூதரல்லாத அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று எச்சரிக்கிற கிரேக்கக் கல்வெட்டு 1871இல் கண்டெடுக்கப்பட்டு, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கிறிஸ்தவக் கோயிலிலோ, ஒரே பலிபீடத்துக்கு முன்னால் சாதிக்கு ஒரு பகுதியாகச் சுவரால் பிரித்து உட்காரவைத்தார்கள். அந்தச் சுவர் இடிக்கப்பட்டது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். கல்லறைத் தோட்டங்களிலும் கலியாணப் பேச்சுகளிலும் அந்தச் சுவர் இன்னும் எத்தனை இடங்களில் நிற்கிறது என்பது உனக்கே தெரியும். "இயேசுகிறிஸ்துவின் இரத்தம் சகல பாவங்களையும் நீக்கி, நம்மைச் சுத்திகரிக்கும்" என்று நாம் மனப்பாடமாகச் சொல்கிற 1 யோவான் 1:7, ஒளியிலே நடந்தால் ஒருவரோடொருவர் ஐக்கியப்பட்டிருப்போம் என்ற வார்த்தைகளோடு ஒரே வாக்கியமாக நிற்கிறது. ஐக்கியத்தை வெட்டிவிட்டு இரத்தத்தை மட்டும் பிடித்துக்கொள்ள யோவான் அனுமதிக்கவில்லை.

உன் தோழிக்கு இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லிவிடாதே. அவள் கேட்டது நியாயமான கேள்வி என்று முதலில் ஒத்துக்கொள். அவளுக்கு மனமிருந்தால் எபிரெயர் 9, 10 அதிகாரங்களை இருவரும் சேர்ந்து ஒரே அமர்வில் வாசியுங்கள். காளை வெள்ளாட்டுக்கடா இவைகளுடைய இரத்தம் பாவங்களை நிவிர்த்தி செய்யமாட்டாது என்று அந்த ஆசிரியரே 10:4இல் எழுதுவதைப் பார்த்து அவள் ஆச்சரியப்படுவாள். அதற்குப் பிறகு அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு எழுது. பெரிய வியாழக்கிழமைக்கு முன்னால் இங்கே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதே பகுதியை நான்தான் எடுக்க வேண்டும்; அவளுடைய கேள்விகள் எனக்கும் உதவும்.

அப்பா தம்முடைய அன்பைச் சொல்லச் சொன்னார். மருமகனுக்கு எங்கள் ஸ்தோத்திரம்.

உன் அன்புள்ள
அம்மா