சிங்பாஸ் திருடு போனால் முதல் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூர் அரசின் மின்னிலக்க அடையாளக் கணக்கான சிங்பாஸின் விவரம் மோசடிக்காரரிடம் போய்விட்டால் பலர் மறைச்சொல்லை மாற்றியதோடு நின்றுவிடுகிறார்கள். அது போதாது. அதற்குள் உங்கள் பெயரில் வங்கிக் கணக்கோ கைப்பேசி எண்ணோ திறக்கப்பட்டிருக்கலாம். சிங்பாஸ் செயலியில் பரிவர்த்தனை வரலாற்றைத் திறந்து, நீங்கள் செய்யாத ஒவ்வொன்றையும் தேதி, நேரத்தோடு படம்பிடித்து வையுங்கள். வங்கியின் அவசர முடக்க வசதியைப் பயன்படுத்துங்கள். காவல்துறையில் புகார் அளித்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வரும் கடன் கோரிக்கைகளை மறுக்க அதுவே சான்று. சில வாரங்கள் கழித்து உங்கள் பெயரிலுள்ள கடன்களைக் காட்டும் கிரெடிட் பியூரோ அறிக்கையையும் பாருங்கள். புதுக் கடன் உடனே அதில் தெரியாது. ஆலோசனைக்கு மோசடித் தடுப்பு உதவி எண் 1799-ஐ அழையுங்கள். வயதான பெற்றோர் வெட்கப்பட்டு மறைப்பார்கள். தயவுசெய்து திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுங்கள்.

வாசகர், ஈசூன்