பாம்பு முட்டையை கோழி முட்டை மாதிரி புரட்டச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுலயே இன்குபேட்டர் செஞ்சு நாட்டுக்கோழி முட்டை பொரிக்கிறத பத்தி போன இதழ்ல வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு, எங்க தெருவுலயே அத பாத்துட்டு பெட்டி செய்ய ஆரம்பிச்சிட்டாங்க. ஆனா கடைசி பத்தில "இதே முறையில பாம்பு முட்டையையும் பொரிக்க வைக்கலாம்"னு ஒரு வரி இருக்கு பாருங்க, அது தப்புங்க. மன்னார்குடில எங்க வீட்டுல பால் பைத்தான் (ball python, வெளிநாட்டு மலைப்பாம்பு வகை) வளக்குறோம், முறையா பதிவு பண்ணி வளக்குறோம், அது முட்டையிட்டு வீட்டுலயே குட்டி பொரிச்சிருக்கு, அதனாலதான் இத எழுதுறேன்.

முதல் விஷயம் புரட்டுறது. கோழி முட்டைய உடைச்சு ஊத்துறப்ப மஞ்சக்கருவோட ரெண்டு பக்கமும் வெள்ளையா முறுக்கின நூலு மாதிரி ஒண்ணு தெரியும்ல, அதுதான் மஞ்சக்கருவ நடுவுல புடிச்சு வச்சிருக்கு, முட்டைய எப்படி திருப்பினாலும் குட்டியாகுற கரு மேல வந்துடும், அதனாலதான் அடைக்கோழி ஒரு நாளைக்கு பல தடவ மூக்கால புரட்டி விடுது. பாம்பு முட்டைல அந்த நூலே கிடையாது. முட்டை போட்டு ஒண்ணு ரெண்டு நாள்லயே உள்ள இருக்கற கரு மேல்பக்கமா ஓட்டோட ஒட்டிக்கும், அதுக்கப்புறம் தலைகீழா திருப்பினா மஞ்சக்கரு மொத்தமும் அது மேல அமுங்கி குட்டி உள்ளயே செத்துப்போக வாய்ப்பு அதிகம். மலைப்பாம்பு கூட முட்டைய சுத்தி வளைச்சு படுத்துக்கிட்டு உடம்ப நடுக்கி நடுக்கி சூடு குடுக்குமே தவிர புரட்டி விடுறதில்ல. அதனால முட்டைய பெட்டிக்கு மாத்துறப்பவே மேல்பக்கம் பென்சிலால ஒரு சின்ன கோடு போட்டுட்டு, கிடந்தது கிடந்தபடியே வைக்கணும். பால் பைத்தான் முட்டைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கொத்தா இருக்கும், பிரிச்சு எடுக்குறேன்னு இழுத்தா தோலு கிழிஞ்சுடும், கொத்தாவே விட்டுடுங்க.

இப்ப கடைல விக்கிற கோழி இன்குபேட்டர்ல தட்டு தானா சாயுற மாதிரி மோட்டார் வச்சிருக்காங்க, சூடும் 37.5 டிகிரில நிக்கும். பால் பைத்தானுக்கு 31, 32 டிகிரி போதும், கார்ன் ஸ்நேக்குங்கிற இன்னொரு வளப்புப் பாம்புக்கு 27லேருந்து 29 வரைக்கும்தான். 35 தாண்டினாலே குட்டி முதுகெலும்பு கோணலா வரும், இல்லன்னா வரவே வராது. ஆக உங்க கட்டுரைய நம்பி ஒருத்தர் கோழிப் பெட்டில வச்சா சூட்டாலயும் புரட்டுறதாலயும் ரெண்டு விதமா சாகும்.

நம்ம டெல்டால இன்னொரு சங்கடம் இருக்கு. சித்திரை வைகாசில மொட்டமாடிக்கு கீழ இருக்கற ரூம்ல சாயங்காலம் காத்தே 35 டிகிரி அடிக்கும், அந்த ரூம்ல பெட்டிய வச்சுட்டு பல்ப அணைச்சு என்ன பிரயோஜனம், சூடு குறையாது. கீழ்வீட்டுல, வெயில் படாத ரூம்ல வைக்கணும். நாகப்பட்டினத்துலேருந்து மீன் வர்ற தெர்மாகோல் பெட்டி நல்லா கழுவி காயவச்சா அதுவே போதும், உள்ள தண்ணி பாட்டில் நாலஞ்சு மூடி நிறுத்திட்டா மாசாந்திர பராமரிப்புன்னு ஈபிகாரங்க காலைலேருந்து கரண்ட் நிறுத்தினாலும் சூடு சட்டுனு இறங்காது. முட்டைய டப்பால ஈர வெர்மிகுலைட் (தண்ணிய உறிஞ்சி வச்சுக்கற ஒரு தாதுத் துகள்) மேல வைக்கணும், கைல புடிச்சு பிழிஞ்சா தண்ணி சொட்டக்கூடாது, அந்த அளவு ஈரம்தான். முட்டை மேல தண்ணி தெளிக்கவே கூடாது.

பாம்பு முட்டை தொட்டா தோலு மாதிரி மெத்துனு இருக்கும். ஆரம்பத்துலயே குழி விழுந்தா ஈரம் பத்தலன்னு அர்த்தம், ஆனா கடைசி ஒண்ணு ரெண்டு வாரத்துல குழி விழுறது சகஜம், பயப்பட வேண்டாம். இருட்டுல செல்போன் டார்ச்ச பக்கவாட்டுல ஒட்டி அடிச்சு பாருங்க, செவப்பா நரம்பு ஓடினா உயிர் இருக்கு, ஒண்ணுமே இல்லாம மஞ்சளா இருந்தா கூமுட்டை. கோழிக்கு 21 நாள்னா இதுக்கு 55, 60 நாள். குட்டி மூக்கு நுனில இருக்கற ஒரு சின்ன பல்லால ஓட்ட கீறி மூக்க மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு ஒரு நாள், சில சமயம் ரெண்டு நாள் கூட அப்படியே உக்காந்திருக்கும், மிச்ச மஞ்சக்கருவ உறிஞ்சுது அது. பாக்க பாவமா இருக்கேன்னு கத்தரியால வெட்டி இழுக்காதீங்க. வெளிய வந்து ஒரு வாரம் பத்து நாள்ல முதல் சட்டைய உரிக்கும், அதுக்கப்புறம்தான் இரை.

சட்டத்தையும் கட்டுரைல சொல்லாம விட்டுட்டீங்க. பால் பைத்தான் மாதிரி சைட்டிஸ் (காட்டுயிர் வியாபாரத்த கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கற வெளிநாட்டு இனம்னா 2024ல வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல பதியணும், குட்டி பொரிச்சா அதையும் தெரிவிக்கணும்.

நம்ம ஊரு பாம்பு முட்டைன்னா கதையே வேற. வைக்கப்போரு பிரிக்கிறப்ப, எலி வளை வெட்டுறப்ப வெள்ளையா நீட்டமா முட்டை கிடைக்குது, பசங்க "சாரை முட்டைதான்"னு வீட்டுக்கு தூக்கிட்டு வந்துடுறாங்க. அது சாரையா நல்லபாம்பான்னு முட்டைய பாத்து நமக்கு சொல்லவே முடியாது, நல்லபாம்பு குட்டிக்கு ஓட்ட விட்டு வெளிய வர்றப்பவே விஷம் இருக்கு, தாய்ப்பாம்பும் அங்கயே காவல் இருக்கும். 1972 வனவிலங்குச் சட்டத்துல ஊர்வன முட்டைய சேதப்படுத்துறது, கலைக்கிறது எல்லாமே வேட்டைங்கிற கணக்குலதான் வருது, வீட்டுல பொரிக்க வைக்கிறது சட்டப்படி குத்தம். சம்பாவுல எலி பண்ற அழிவு விவசாயிக்கு தெரியும், அந்த எலிய திங்கிறது இந்த சாரைதான், அதோட முட்டைய உடைச்சுப் போடுறதும் வேண்டாம். அந்த வைக்கலையே மேல போட்டு மூடிட்டு, அந்தப் பக்கத்து போர மட்டும் பிரிக்காம விட்டுட்டு, வன அலுவலகத்துக்கு போன் பண்ணச் சொல்லுங்க.

கோடைல போரு பிரிக்கிற வேல நடந்துக்கிட்டு இருக்கு, அதனால தயவுசெஞ்சு அடுத்த இதழ்லயே திருத்தம் போட்டுடுங்க, அதுவும் கட்டுரை வந்த அதே பக்கத்துல.

இப்படிக்கு
ஒரு வாசகர், மன்னார்குடி