ஃபார்மலின்ல போட்ட நேரத்தையும் ரிப்போர்ட்ல எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்கான புது மருந்துங்க பத்தி நீங்க போட்ட கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா அந்த மருந்து யாருக்குன்னு முடிவு பண்ற ஈஆர், பிஆர் (ரெண்டும் கட்டியில ஹார்மோன ஏத்துக்கற புரதங்க), ஹெர்2 (கட்டி வளரத் தூண்டுற புரதம்) டெஸ்ட்டுக்குப் போற சதைய எப்படிப் பாதுகாக்கணும்னு ஒரு வரி கூட இல்ல. வெட்டி எடுத்த கட்டிய 1 மணி நேரத்துக்குள்ள 10% ஃபார்மலின்ல (சதை கெடாம பதப்படுத்துற திரவம்) போடணும், 6 மணி நேரத்துக்குக் குறையாம 72 மணி நேரம் தாண்டாம அதுல இருக்கணும்னு அமெரிக்க வழிகாட்டுதலே இருக்கு. ஃபார்மலின் மணிக்கு சுமார் 1 மி.மீ. தான் உள்ள இறங்கும், அதனால முழுக் கட்டிய அப்படியே போட்டா நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள புரதம் சிதைஞ்சு, பாசிட்டிவ் கூட நெகட்டிவ்னு வந்துடலாம்.

என் அக்காவுக்கு இதான் நடந்துச்சு. ஆபரேஷன்ல எடுத்த கட்டிய வெட்டாமலே சின்ன டப்பாவுல அடைச்சு லீவு முடியற வரைக்கும் வச்சிருந்தாங்க, ஈஆர் நெகட்டிவ்னு வந்துச்சு, டாக்டர் சந்தேகப்பட்டு முன்னாடி எடுத்த ஊசி பயாப்ஸிய டெஸ்ட் பண்ணச் சொன்னப்போ பாசிட்டிவ், அவர் கேக்காம விட்டிருந்தா ஹார்மோன் வேலையத் தடுக்கற மாத்திரையே கிடைச்சிருக்காது. கட்டிய எடுத்த நேரம், ஃபார்மலின்ல போட்ட நேரம், வெளிய எடுத்த நேரம் மூணையும் ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் கட்டாயம் அச்சடிக்கணும்னு நீங்க ஒரு தலையங்கம் எழுதணும்.