கோவிந்தராசுக்கு, ஆம்ஸ்டர்டாம்ல இருந்து

அன்புள்ள கோவிந்தராசு,

எப்படிடா இருக்க. கண்புரை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு உன் மூத்தவன் மெசேஜ் போட்டிருந்தான், ரொம்ப சந்தோஷம். தங்கச்சி சொல்றத கேட்டு சொட்டு மருந்த நேரத்துக்கு விடு, வெயில்ல வண்டி எடுத்துக்கிட்டு சுத்தாத. போன்ல பேசலாம்னா நான் ஒரு வரி சொல்றதுக்குள்ள நீ உன் கதைய ஆரம்பிச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், கண்ணு சரியானதும் பொறுமையா படி, இல்லன்னா பேரன படிக்கச் சொல்லி கேளு.

இங்க மக வீட்ல எல்லாரும் சௌக்கியம். ஆம்ஸ்டல்வேன்னு பக்கத்து டவுன், டிராம் ஏறினா கொஞ்ச நேரத்துல ஆம்ஸ்டர்டாம். தெருவுல பாதி நம்ம நாட்டு ஆளுங்கதான், கறிவேப்பிலைகூட கிடைக்குது, விலைய மட்டும் கேக்காத. லெட்சுமிக்கு குளிர் ஒத்துக்கல, மத்தபடி நல்லா இருக்கா. மருமகன் லீவு நாள்ல கூட்டிட்டுப் போவாரு, மத்த நாள்ல நானே டிராம் பிடிச்சு போயிடறேன், ரிட்டையர்டு ஆனவனுக்கு வேற என்ன வேலை.

இந்த ஊர பத்தி யாரக் கேட்டாலும் டூலிப் பூவு, சைக்கிள், படகுன்னு சொல்லுவாங்க. அதெல்லாம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா பி.டபிள்யூ.டி.ல முப்பது வருஷத்துக்கு மேல மதகையும் ஷட்டரையும் கட்டிக்கிட்டு அழுத நம்மள மாதிரி ஆளுக்கு இங்க பாக்க வேண்டியதெல்லாம் தண்ணிக்கு கீழதான்டா இருக்கு. ஏர்போர்ட்லயே ஆரம்பிக்குது. ஸ்கிபோல் ஏர்போர்ட் இருக்கற இடம் ஒரு காலத்துல பெரிய ஏரி, ஸ்டீம் இன்ஜின் வெச்சு மூணு வருஷத்துக்கு மேல இறைச்சு 1852ல காய வெச்சாங்க, ரன்வே இன்னிக்கும் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய மூணு மீட்டர் கீழ. பம்ப் நின்னா தண்ணி திரும்பி வந்துடும். நம்ம ஊர்ல கடைமடைக்கு தண்ணி வரலன்னு ஜனங்க ஆபீஸ முற்றுகை போடுவாங்க, இங்க தண்ணி வந்துடக் கூடாதுன்னு எழுநூறு வருஷத்துக்கு மேல ஆபீஸ் நடத்தறாங்க.

முதல் நாளு எல்லாரையும் போல படகுல ஏறினோம், நம்ம காசுல ஆளுக்கு ரெண்டாயிரம்கிட்ட, லெட்சுமி முணுமுணுத்துக்கிட்டே ஏறினா. ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட்னு மூணு பெரிய கால்வாய் நடு ஊர சுத்தி அரைவட்டமா போகுது, 1613ல வெட்ட ஆரம்பிச்சது, யுனெஸ்கோ லிஸ்ட்ல 2010ல சேத்தாங்க. கரையில எல்லாம் ஒல்லி ஒல்லியா உயரமான வீடு, ஒவ்வொண்ணு உச்சியிலயும் ஒரு உத்தரம் நீட்டிக்கிட்டு அதுல கொக்கி. உள்ள படி ஏணி கணக்கா செங்குத்து, கட்டில் பீரோ எதுவும் ஏறாது, அதனால கொக்கில கப்பிய மாட்டி கயிறு கட்டி ஜன்னல் வழியா ஏத்தறாங்க, இன்னிக்கும்தான். சாமான் செவுத்துல இடிக்காம இருக்கணும்னு முகப்பையே கொஞ்சம் தெருப்பக்கம் சாய்ச்சு கட்டியிருக்கான். அது வேணும்னே சாய்ச்சது. பக்கவாட்டுல சாஞ்சு நிக்கிற வீடு வேற இருக்கு, கல்யாண வீட்ல ராத்திரி பாய்ல ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சு தூங்கற சொந்தக்காரங்க மாதிரி. அது அஸ்திவாரம் இறங்கி சாஞ்சது. எது கட்டினவன் சாய்ச்சது, எது மண்ணு சாய்ச்சதுன்னு நான் பாத்து சொல்லிக்கிட்டே வந்தேன், மருமகன் கேட்டுக்கிட்டாரு, லெட்சுமி கேக்கல.

மண்ணு இருக்கே, அது மண்ணே இல்லடா. மேல சேறும் களிமண்ணும் மக்கின புல்லும், பத்து பன்னெண்டு மீட்டர் கீழ போனாத்தான் மணல் அடுக்கு. அதனால நார்வே பக்கத்துல இருந்து பைன் மரம் வரவழைச்சு மணல் தட்டுற வரைக்கும் அடிச்சு எறக்கி அது மேல வீட்ட கட்டியிருக்கான். டாம் சதுக்கத்துல அரண்மனை இருக்கு, 1648ல டவுன் ஹாலா கட்ட ஆரம்பிச்சது, அதுக்கு கீழ மட்டும் 13,659 மரம். பள்ளிக்கூட புள்ளைங்களுக்குகூட இந்த நம்பர் தெரியுமாம், வருஷத்துக்கு 365 நாளு, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒம்போது போட்டுக்கோன்னு சொல்லிக் கொடுப்பாங்களாம். மெஷின் எல்லாம் இல்லாத காலம், கனமான கட்டைய கயித்துல கட்டி ஒரு கூட்டமே பாட்டு பாடிக்கிட்டு இழுத்து தூக்கி பொத்துன்னு விடும், திரும்ப இழுக்கும். மரம் ஏன் மக்கலன்னு நீ கேக்க மாட்ட, உனக்கு தெரியும், தண்ணிக்குள்ளயே இருந்தா காத்து படாது, காத்து படாட்டி பூஞ்சை வராது. ஆனா நிலத்தடி நீர் கொஞ்சம் எறங்கி மரத்தோட தலை வெளிய வந்துச்சோ போச்சு. அதனால இந்த ஊருக்கு தண்ணி ஜாஸ்தியானாலும் ஆபத்து, கம்மியானாலும் ஆபத்து.

கால்வாய் மட்டம் எப்பவும் அவங்க பெஞ்ச் மார்க்குக்கு, அதாவது உயரம் அளக்க ஜீரோவா வெச்ச புள்ளிக்கு, 40 செ.மீ. கீழ, அதுலயே நிறுத்தி வெக்கிறாங்க. அந்த பெஞ்ச் மார்க்க போய் பாத்தேன்டா! இங்க ஓபரா ஹவுஸும் டவுன் ஹாலும் ஒரே கட்டடம், அதுக்கு உள்ள படியிறங்கிப் போனா மண்ணுக்குள்ள அடிச்சு எறக்கின ஒரு தூண் தலையில வெண்கல போல்ட் பதிச்சு வெச்சிருக்கான், அதுதான் ஜீரோ. ஐரோப்பாவுல பல நாட்டோட மட்டம் எல்லாம் ஆம்ஸ்டர்டாம் மட்டத்த வெச்சுத்தான் கணக்கு. பக்கத்துல பெரிய கண்ணாடிக் குழாய் மூணு. ரெண்டுல கடல் இப்ப இந்த நிமிஷம் எந்த மட்டத்துல இருக்குன்னு தண்ணி ஏறி எறங்கி காட்டுது. மூணாவதுல 1953 பிப்ரவரி புயல் வெள்ளம் வந்த உயரம், ஜீரோவுக்கு மேல 4.55 மீட்டர். நான் அண்ணாந்து பாத்தேன், தலைக்கு ரொம்ப மேல நிக்குது தண்ணி. தென்மேற்குல ஜீலாந்து பக்கம் அந்த ஒரு ராத்திரில கரை உடைஞ்சு 1,836 பேர் செத்துப் போனாங்க. நம்ம நாகப்பட்டினத்துல சுனாமிக்கு அப்புறம் நாம ரெண்டு பேரும் அக்கரைப்பேட்டையில நின்னது ஞாபகம் வந்துச்சு, அதுக்கு மேல அங்க நிக்கல, மேல ஏறி வந்துட்டேன். டிக்கெட் இல்ல, கூட்டமும் இல்ல. அத்தனை டூரிஸ்ட் வர்ற ஊர்ல இத பாக்க நானும் ஒரு வாத்தியாரும் பத்து புள்ளைங்களும்தான்.

மதகும் பாத்தேன். ஆம்ஸ்டல் ஆத்துக்கு நடுவுலயே, கர்ரே தியேட்டர் எதிர்ல, 1670கள்ல போட்ட அமைப்பு. கால்வாய் தண்ணி தேங்கி நாறாம இருக்க ராத்திரில அங்கங்க மதகு கதவ சாத்தி, ஒரு பக்கம் பம்ப் ஹவுஸ்ல இருந்து ஏரித்தண்ணிய உள்ள தள்ளி பழசை கழுவி வெளிய விடுவாங்க. அந்த ஏரியும் முன்ன கடல்தான், 1932ல 32 கி.மீ. நீளத்துக்கு குறுக்க அணை கட்டி உப்புத்தண்ணிய நல்ல தண்ணி ஆக்கிட்டாங்க. மதகு திறந்து மூடற நம்ம லஸ்கர் மாணிக்கம் இருந்திருந்தா ஷட்டர தொட்டுப் பாத்து கிரீஸ் போட்டிருக்கான் பாருங்க சார்னு சொல்லியிருப்பான்.

ஆனா எல்லாம் பிரமாதம்னு நினைக்காத. 2020 செப்டம்பர்ல கிரிம்பர்க்வால்னு ஒரு கால்வாய்ல கரைச்சுவர் திடீர்னு சரிஞ்சு தண்ணிக்குள்ள விழுந்துச்சு, யாரும் இல்லாத நேரம், தப்பிச்சாங்க. இப்படி மரக்கால் மேல நிக்கிற கரைச்சுவரு ஊர்ல 200 கி.மீ. இருக்கு. குதிர வண்டிக்கு கட்டினதுல லாரி ஓட்டினா? போதாக்குறைக்கு படகெல்லாம் திரும்பற இடத்துல புரொப்பல்லர் அடிச்சு அடியில மண்ணு அரிச்சு மரம் வெளிய தெரியுது, கரையோரம் எல்ம் மரம் வேற பாரமா நிக்குது. இப்ப பல இடத்துல சுவருக்கு முன்னாடி ஸ்டீல் தகட்ட வரிசையா மண்ணுக்குள்ள அடிச்சு நடுவுல மணல கொட்டி முட்டு கொடுத்திருக்காங்க. டூரிஸ்ட்டுங்க அத ஒதுக்கிட்டு போட்டோ எடுக்கறாங்க, நான் அத மட்டும் எடுத்தேன், அனுப்பறேன் பாரு. எனக்கென்னமோ இந்த ஊரு அழகே அந்த முட்டுலதான் தெரியுது, நாலு நூற்றாண்டு பழசு சும்மா ஒண்ணும் நிக்கல, எவனோ ஒரு அசிஸ்டென்ட் இன்ஜினியர் எங்கயோ எஸ்டிமேட் போட்டுக்கிட்டு இருக்கான்.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இது நாகப்பட்டினத்துக்காரன் நீ கேக்க வேண்டியது. அந்த சரிஞ்ச கரையில இருந்து கொஞ்ச தூரம் நடந்தா செங்கல் கட்டடம் ஒண்ணு, டச்சு கிழக்கிந்திய கம்பெனியோட தலைமை ஆபீஸ், இப்ப யூனிவர்சிட்டி. முற்றத்துக்குள்ள யாரும் போகலாம், பசங்க காபி குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. பதினேழு டைரக்டருங்க இங்க உக்காந்துதான் நம்ம கடற்கரைய ஆண்டிருக்காங்க. 1658ல போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து நாகப்பட்டினத்த பிடிச்சது இந்த கம்பெனி, 1690ல பழவேற்காட்டுல இருந்து நம்ம கடற்கரைக்கான தலைமையிடத்த நம்ம ஊருக்கே மாத்தினது இந்த கம்பெனி, 1781ல இங்கிலீஷ்காரன் வர்ற வரைக்கும் அவங்க ராஜ்ஜியம். நம்ம நெசவாளிங்க நெய்ஞ்ச துணிய வாங்கி, ஜாவா பக்கம் கொண்டு போய் கொடுத்து, மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வாங்கி, அத இங்க வித்து காசு. துணி மட்டும் இல்லடா, 1659, 60 வாக்குல தஞ்சாவூர் சீமையில படையெடுப்பும் பஞ்சமும் வந்து ஜனங்க சோத்துக்கு இல்லாம தன்னையும் புள்ளைங்களையும் வித்தப்ப, நாகப்பட்டினம் வழியா ஆயிரக்கணக்குல அடிமையா வாங்கி கப்பல்ல ஏத்தியிருக்காங்க. இலங்கைக்கும், இப்ப ஜகார்த்தான்னு சொல்ற பத்தாவியாவுக்கும்.

இத தெரிஞ்சப்புறம் அந்த கால்வாய் வீட்ட பாக்கறப்ப கொக்கிய மட்டும் பாக்க முடியல. கோவம்னு சொல்ல மாட்டேன், கட்டினவன் கைவேலை மேல மரியாதை அப்படியேதான் இருக்கு, காசு எங்க இருந்து வந்துச்சுன்னும் கேக்காம இருக்க முடியல, ரெண்டும் சேந்தே இருக்கு. இந்த ஊர்க்காரங்களும் இப்ப அத மறைக்கறது இல்ல. மேயர் குடியிருக்கற வீடு ஹேரன்கிராக்ட் கரையில இருக்கு, அத கட்டினவன் அடிமை வியாபாரத்துல இருந்தவன்னு வாசல்லயே கல்லு பதிச்சிருக்காங்க. 2021 ஜூலை 1ஆம் தேதி மேயர் அம்மா ஊர் சார்பா மன்னிப்பு கேட்டாங்க. மருமகன் ஆபீஸ்ல கூட வேலை பாக்கற டச்சுக்காரர்கிட்ட நாகப்பட்டினம்னு சொன்னேன், தெரியல. பத்தாவியா தெரியுது.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிடறேன். ரைக்ஸ் மியூசியம் போனோம், ரெம்பிராண்ட் படத்துக்கு முன்னாடி திருவாரூர் தேர் கூட்டம், எனக்கு முட்டி வலி வந்து பெஞ்ச தேடி உக்காந்துட்டேன். நாஜிகளுக்கு பயந்து ஆன் ஃபிராங்க்னு யூதப் பொண்ணு ஒளிஞ்சிருந்த வீட்டுக்கு மக முன்னாடியே டிக்கெட் போட்டிருந்தா, எட்டு பேரு ரெண்டு வருஷத்துக்கு மேல புத்தக அலமாரிக்கு பின்னாடி இருந்திருக்காங்க, லெட்சுமி வெளிய வந்து ரொம்ப நேரம் பேசல. பச்சை ஹெர்ரிங் மீன வெங்காயம் தூவி தர்றான், நான் சாப்பிட்டேன், நல்லாத்தான் இருக்கு, நீ இருந்தா மத்தி இப்படி கெடைச்சா குழம்பு வெக்கலாமேன்னு ஆரம்பிச்சிருப்ப.

ஆனா ரோக்கின் மெட்ரோ ஸ்டேஷன மட்டும் சொல்லாம விட முடியாது. அந்த லைன் போட ஆரம்பிச்சு முடிக்க பதினஞ்சு வருஷம், நடுவுல 2008ல அதே லைன்ல வேற ஸ்டேஷன் தோண்டறப்ப சுவர்ல தண்ணி ஒழுகி பக்கத்துல இருந்த பழைய வீடு சிலது இருபது சென்டிமீட்டருக்கு மேல எறங்கிடுச்சு, பேப்பர்ல நாறடிச்சு, கடைசில 2018ல ஓடவிட்டாங்க. (நம்ம ஆபீஸ்ல எத்தன எக்ஸ்டென்ஷன் லெட்டர் எழுதியிருப்போம், எனக்கு அந்த இன்ஜினியருங்க மேல பாவமா இருந்துச்சு.) தோண்டறப்ப பழைய ஆத்துப்படுகையில இருந்து கெடைச்ச சாமான எல்லாம் சேத்து எஸ்கலேட்டர் ரெண்டுக்கும் நடுவுல கண்ணாடி போட்டு வரிசையா வெச்சிருக்காங்க. சாவி, புகை பிடிக்கிற களிமண் குழாய், பல்லு, பகடை, செல்போன், செருப்பு. மேல இருந்து கீழ வரைக்கும் ஆத்துல எவன் எவன் எதத் தவற விட்டானோ அத்தனையும். நான் ஏறி எறங்கி ஏறி எறங்கி பாத்தேன், செக்யூரிட்டி ஒரு மாதிரி பாத்தான். இப்பவும் வருஷத்துக்கு 12,000ல இருந்து 15,000 சைக்கிள் வரைக்கும் கால்வாய்ல இருந்து கிரேன் கொக்கி வெச்சு எடுக்கறாங்க, துரு பிடிச்ச சைக்கிள் குவியலோட படகு போறத நானே பாத்தேன்.

உனக்கு ஒரு வேலை. நம்ம ஊர்ல டச்சுக்காரன் கல்லறை இருக்குல்ல, கண்ணு சரியானதும் சாயங்காலமா ஒரு நட போய் கல்லுல இருக்கற எழுத்த எல்லாம் கிட்டப் போய் தெளிவா போட்டோ எடுத்து அனுப்பு. நிழல் விழாம எடு, முள்ளு கெடக்கும், செருப்பு போட்டுக்கோ. மருமகன் ஆபீஸ் டச்சுக்காரர் படிச்சு சொல்றேன்னு சொல்லியிருக்காரு, அவருக்கும் இப்ப ஆசை வந்துடுச்சு.

தங்கச்சிக்கும் புள்ளைங்களுக்கும் கேட்டதா சொல்லு. சின்னவனுக்கு பாத்த பொண்ணு வீட்ல என்ன சொன்னாங்கன்னு எழுது, ஜாதகத்த பிடிச்சிக்கிட்டு தொங்காத.

அன்புடன்
உன் சுந்தரம்