தண்ணீர் அசந்து போகும் இடம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்கு ஓடைதான் காரணம். தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. அதை விட்டுவிட்டு மேசை முன்னால் உட்கார மனம் வரவில்லை.

"தங்கம் தேடுகிறாயாமே, எத்தனை கிலோ தேறியது?" என்று கேட்டிருந்தாய். சிரிக்காமல் கேள். மூன்று வருஷத்தில் சேர்ந்தது இரண்டு கிராம்கூட இருக்காது. அதில் கட்டி என்று சொல்லத் தக்கது ஒன்றே ஒன்று, குன்றிமணியில் பாதி. மீதியெல்லாம் வெறும் பொட்டுகள். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்திருக்கிறேன். தண்ணீருக்குள் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. அந்த ஏமாற்று எனக்குப் பிடித்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் ஆற்றைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் முதல் வரியிலேயே "பொன் கொழிக்கும் ஆறு" என்று போட்டுவிடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? கொழித்தல் என்றால் செழித்தல் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். முறத்தைப் பக்கவாட்டில் ஆட்டிக் கனத்ததையும் லேசானதையும் பிரிக்கிறார்களே, அதுவும் கொழித்தல்தான். ஆறு செய்வது அச்சு அசல் அந்த வேலை. தங்கம் தண்ணீரைப் போல 19.3 மடங்கு கனம். மணலில் பெரும்பங்காக இருக்கும் குவார்ட்ஸ் 2.65 மடங்குதான். வெள்ளம் வரும்போது எல்லாவற்றையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போகும். வேகம் சற்றுக் குறைந்ததோ இல்லையோ, முதலில் கீழே விழுவது தங்கம். அப்புறம் அது மேலே வருவதே இல்லை. ஒவ்வொரு வெள்ளத்திலும் சரளைக் கல்லுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் இறங்கும், பாறை தடுக்கிற வரைக்கும்.

ஆக, நாம் கொழிக்க வேண்டியது கடைசிக் கைப்பிடி மட்டும். மீதியை ஆறு எப்போதோ முடித்துவிட்டது. கொழித்ததை எங்கே கொட்டியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கே. நான் இப்போதெல்லாம் ஓடையில் இறங்கியதும் மண்வெட்டியை எடுப்பதில்லை. கரையில் உட்கார்ந்து, தண்ணீர் எங்கே அசந்து போகிறது என்று பார்க்கிறேன். வளைவின் வெளிப்பக்கம் ஓடுகிற தண்ணீர் உள்பக்கம் நடக்கும். பெரிய பாறையின் கீழ்ப்புறம் ஒரு நிழல் போலத் தேங்கி நிற்கும். பாறைப் படுகையில் நீரோட்டத்துக்குக் குறுக்கே வெடிப்பு இருந்தால் அது தங்கத்துக்கு உண்டியல் மாதிரி. ஆனால் இப்போது நிற்கும் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வெள்ளத்தில் இதே இடம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். கரையோரப் புல் வேரிலும் பாறை மேல் படிந்த பாசியிலும்கூடப் பொட்டுகள் சிக்கியிருக்கும். பாசியைப் பிய்த்துச் சட்டியில் கசக்கினால் தெரியும்.

முதல் வருஷம் நான் செய்த கூத்தைச் சொன்னால்தான் உனக்குத் திருப்தியாக இருக்கும். ஒரு வெடிப்பின் அடியில் மஞ்சள் கலந்த களிமண் இறுகிக் கிடந்தது. சட்டியில் கரையவே இல்லை. எரிச்சலில் உருண்டை உருண்டையாகப் பின்னால் வீசிவிட்டு, சுத்தமான மணலை மட்டும் ஒரு வாரம் கழுவினேன். ஒன்றும் இல்லை. ஒரு நாள் அந்தப் பக்கம் வந்த பெரியவர் ஒருவர் நான் வீசிய உருண்டைகளில் இரண்டைப் பொறுக்கினார். தண்ணீருக்குள் வைத்து, பால் மாதிரி கரையும் வரை நிதானமாகப் பிசைந்தார், கழுவினார், சட்டியை என்னிடம் நீட்டினார். ஏழு பொட்டு. ஒரு வார்த்தை பேசவில்லை, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு போய்விட்டார். மீதி உருண்டைகளை ராத்திரி டார்ச் அடித்துத் தேடினேன்.

சட்டியில் அரிப்பதை எழுத்தில் சொல்வது கஷ்டம். இருந்தாலும் முயல்கிறேன், ஏனென்றால் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். சல்லடையில் சலித்த மண்ணைச் சட்டியில் முக்கால் அளவு போட்டு, முழுக்கத் தண்ணீருக்குள் அமிழ்த்து. கையால் பிசைந்து கட்டிகளை உடை. பிறகு சட்டியை நேராக வைத்துப் பக்கவாட்டில் வேகமாகக் குலுக்கு. எல்லாரும் அவசரப்படுவது இங்கேதான். கனமானது அடிக்கு இறங்க இந்தக் குலுக்கல்தான் வழி. அப்புறம் முன்பக்கம் லேசாகச் சாய்த்து, மேலாக நிற்கும் மணலை மட்டும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போக விடு. மறுபடி நேராக்கு, குலுக்கு, சாய். கடைசியில் ஒரு கரண்டி கருமணல் மிஞ்சும். அதில் இரண்டு மடக்குத் தண்ணீரை விட்டுச் சட்டியை மெல்லச் சுழற்றினால் கருமணல் விசிறி போல விலகும். தங்கம் மட்டும் நகர மனமில்லாமல் வாலில் தங்கிவிடும். கையில் எண்ணெய்ப் பசை இருந்தால் மிகச் சன்னமான துகள்கள் மிதந்து ஓடிவிடும். ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் மூழ்கும்.

கையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சின்ன ஈயக் குண்டுகள் பத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி மண்ணில் கலந்து அரிக்க வேண்டும். ஈயம் 11.3 மடங்குதான் கனம், தங்கத்தைவிட லேசு. அதில் பத்தையும் பிடித்துவிட்டால் தங்கம் உன்னைத் தாண்டிப் போகாது. எனக்கு முதல் தடவை நான்கு கிடைத்தது.

மின்னுவதைப் பார்த்துத் துள்ளாதே. காக்காப்பொன், அதாவது மைக்காத் தகடு, வெயிலில் ஜொலிக்கும், தண்ணீரில் இலை மாதிரி மிதந்து திரும்பும், நிழலில் செத்துவிடும். பைரைட் என்கிற மஞ்சள் கனிமம் கொஞ்சம் கெட்டிக்காரக் கள்ளன், ஆனால் தட்டினால் நொறுங்கும். தங்கம் நிழலிலும் அதே மஞ்சள்தான்; தட்டினால் தட்டையாகும். 1848 ஜனவரியில் கலிபோர்னியாவில் மரம் அறுக்கும் ஆலையின் கால்வாயில் கிடந்த துணுக்கை ஜேம்ஸ் மார்ஷல் இப்படித்தான் தட்டிப் பார்த்தார். அந்தத் தட்டலைத் தொடர்ந்து லட்சக்கணக்கானவர்கள் அங்கே ஓடினார்கள். மார்ஷல் மட்டும் கடைசிக் காலத்தில் கையில் காசில்லாமல் செத்துப்போனார். நேர்மாறாக, 1869-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் மரவேர்களுக்கு நடுவே, நிலத்துக்குச் சில சென்டிமீட்டர் கீழேயே, சுமார் 72 கிலோ கட்டியைக் கண்டார்கள். நிறுக்கத் தராசு போதாமல் பட்டடையில் வைத்து உடைத்தார்களாம். இதைப் படித்தால் யாருக்கும் தூக்கம் வராது. எனக்கு வருத்தம் என்னவென்றால், உடைத்ததுதான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: எங்கே இறங்கினாலும் முதலில் அனுமதி கேள். நிலம் ஒருவருக்கு, அதன் அடியில் இருப்பது அரசுக்கு என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. நியூசிலாந்தில் கைச்சட்டிக்காரர்களுக்கென்றே ஆற்றுப் பகுதிகளை ஒதுக்கியிருக்கிறார்கள். விக்டோரியாவில் ஒரு சீட்டு வாங்கினால் பத்து ஆண்டு செல்லும். எல்லா ஊரிலும் அந்தத் தாராளம் கிடையாது. தோண்டிய குழியை மூடிவிட்டு வருவது என் பழக்கம். கரையைக் குடைகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அப்புறம், பழைய சுரங்கம் இருந்த பக்கம் வெள்ளி நிறத்தில் ஒரு பொட்டு கிடைத்தால் வாணலியில் போட்டுச் சூடு காட்டாதே. அந்தக் காலத்தில் தங்கம் பிரிக்கக் கொட்டிய பாதரசம் ஒட்டியிருக்கும். அதன் ஆவி விஷம்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. குந்தி உட்கார முடியவில்லை, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து அரிக்கிறேன். உனக்கு ஓய்வுக்குப் பிறகு பகல்பொழுது நீளமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதனால்தான் இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. போன வாரம் அந்தக் களிமண் வெடிப்பிலிருந்து எடுத்த மண், சலித்ததோடு சரி, கழுவவில்லை. உள்ளே பத்து ஈயக் குண்டுகளைத் தட்டிப் போட்டிருக்கிறேன். வீட்டில் ஒரு அகலமான தொட்டிக்கு மேலே வைத்து அரி. வழிந்து போகிற மணலைக் கொட்டிவிடாதே, பத்தும் கிடைக்கிற வரை திரும்பத் திரும்பப் போடு. வேலை முடிந்ததும் கையைக் கழுவு, ஈயம் இருக்கிறது.

மஞ்சளாக எத்தனை வந்தது என்று எழுது. நான் எண்ணிப் பார்க்கவில்லை.

உன் பழைய பெஞ்சுத் தோழன்